குடித்திருந்தால் மன்னிப்பு, காது கெட்டிருந்தால் வாசல்

திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தொழிற்சாலை முதலுதவி அறைகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நர்ஸ் தங்கைகளுக்கு எழுதுகிறேன். கட்டுப் போடுவதும் தீக்காயத்தைக் கழுவுவதும் உங்களுக்குத் தெரியும். கைப்பழக்கம் கொஞ்ச நாளில் வந்துவிடும். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒரு மனிதரின் காதைப் பற்றியும், அவர் குடித்ததைப் பற்றியும்தான் சொல்ல வந்தேன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். இடையில் என் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கோபம் எனக்கு அடங்கவில்லை.

நான் வேலை பார்த்தது ஒரு வார்ப்பட்டறையில். பெயர் வேண்டாம். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றி லாரிப் பாகங்கள் செய்கிற இடம். உருகிய இரும்பை ஏந்தும் பெரிய வாளியை லேடில் என்போம். கூரையை ஒட்டி ஓடுகிற கிரேன் அதைத் தூக்கிக்கொண்டு போகும். கிரேன் ஓட்டுபவர் மேலே ஒரு கூண்டில் உட்கார்ந்திருப்பார். ஏறி இறங்கச் சுவரோடு ஒரு நேர் ஏணி. லேடிலைப் பிடித்துச் சாய்த்து ஊற்றுவதற்குக் கீழே நான்கைந்து பேர் நிற்பார்கள். கூண்டில் இருப்பவரின் கை ஒரு முறை தவறினால் கீழே இருப்பவர்களுக்கு எங்கள் முதலுதவி அறையால் ஒரு பயனும் இல்லை. அவ்வளவுதான் உங்களுக்குத் தெரியவேண்டிய தொழில்நுட்பம்.

அங்கே குடித்துவிட்டு வேலைக்கு வந்தால் மூன்று நாள் சஸ்பெண்ட். சங்கம் பேசினால் அது ஒரு நாளாகும். அதற்கப்புறம் அதே ஆள் அதே இடத்தில் வேலை செய்வார். மீசையைத் தடவிக்கொண்டு கேன்டீனில் கதையும் சொல்வார். ஆனால் வலிப்பு, தலைசுற்றல் என்று வந்துவிட்டால் அவர் கிரேனுக்கும் உலைக்கும் தகுதியற்றவர். இந்த விதி சரியானதுதான், நான் மறுக்கவில்லை. தகுதியற்றவருக்கு வேறு என்ன வேலை கொடுப்பது என்று மட்டும் அதில் ஒரு வரி கிடையாது. தரையில் வேலை காலியில்லை என்று சொல்லிக் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள். நான் சேர்ந்த புதிதில் உலையடியில் வலிப்பு வந்து விழுந்த ஒருவரை அப்படித்தான் அனுப்பினார்கள். அவர் சாப்பாட்டுத் தூக்கோடு வாசலைக் கடந்து போனதை எல்லோரும் வரிசையாக நின்று பார்த்தோம்.

பார்த்தவர்கள் பாடம் படித்துக்கொண்டார்கள். உடம்புக்கு என்ன வந்தாலும் குடித்தேன் என்று சொல்லிவிடு. லாக்கர் அறையில் ஒரு குவார்ட்டர் பாட்டில் எப்போதும் இருக்கும். யாருக்காவது தலை சுற்றினால், கண் இருட்டினால், அதிலிருந்து இரண்டு சொட்டு எடுத்து அவர் சட்டைக் காலரில் தடவித்தான் என்னிடம் அனுப்புவார்கள். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘சென்ட்’. “சென்ட் போட்டுகினு போ மாமு, அப்பால சிஸ்டர் மோர் குடுக்கும், படுத்துகினு வா” என்பார்கள்.

எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்த மூத்த நர்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுதான். “வாசனை அடிச்சா மோர் கொடு, படுக்க வை, குடும்பஸ்தன், ஒண்ணும் எழுதாதே” என்றார். நல்லவர். இரக்கம் என்றுதான் நினைத்துச் செய்தார். இத்தனை வருடம் கழித்துச் சொல்கிறேன், அந்த இரக்கத்தைப் போல என்னை ஆத்திரப்படுத்தியது வேறெதுவும் இல்லை. அந்த மோரைக் குடித்துவிட்டு எத்தனை சர்க்கரை நோயாளிகள், எத்தனை இதய நோயாளிகள் மறுபடி உலையடிக்குப் போனார்களோ, யாருக்குத் தெரியும்?

தேசிங்கு கிரேன் ஓட்டுநர். நெட்டுக்குப்பத்துக்காரர். அப்பா, அண்ணன்மார் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். அந்தக் குடும்பத்தில் சம்பள வேலைக்கு வந்த முதல் ஆள் இவர்தான். நிறைந்த தேநீர்க் குவளையைக் கொக்கியில் மாட்டிக் கொடுத்தாலும் சிந்தாமல் கொண்டுபோவார் என்று மற்றவர்கள் சொல்வார்கள். ஒரு நாள் அவரை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து என் அறைக் கட்டிலில் போட்டார்கள்.

“ஓவரா போட்டுகினாரு சிஸ்டர்” என்றார் பாபு. பாபு லேடில் பிடிக்கிறவர்; தேசிங்கின் தோஸ்து. இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். “காலைலயே ஆரம்பிச்சிட்டாரு. மோர் இருந்தா குடு.”

நான் குனிந்து பார்த்தேன். சட்டைக் காலரில் அடித்த பிராந்தி வாசனை அவர் வாயில் இல்லை. வலது காதைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். கண் இரண்டும் ஒரு பக்கமாக நழுவுவதும் வெட்டித் திரும்புவதுமாக இருந்தன. தலையைத் திருப்பினாலே வாந்தி எடுத்தார்.

“காதுல என்ன?”

“கப்பல் சங்கு ஊதுது சிஸ்டர். நிறுத்தவே மாட்டேங்குது.”

“எத்தனை நாளா?”

அவர் பாபுவைப் பார்த்தார். பாபு கூரையைப் பார்த்தார்.

“குட்ச்சிகீறேன் சிஸ்டர்” என்றார் தேசிங்கு. “சொம்மா கேட்டுகினு இருக்காத.”

தங்கைகளே, இங்கே நில்லுங்கள். வாசனை அடிக்கிறது, ஆளே ஒப்புக்கொள்கிறார், நண்பர் சாட்சி சொல்கிறார். உங்கள் வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றும். மூக்கை மூடிக்கொண்டு கண்ணால் பாருங்கள். குடித்தவருக்கும் கண் ஆடும், குடித்தவரும் வாந்தி எடுப்பார், அதனால்தான் இந்த ஏமாற்று நடக்கிறது. ஆனால் வாயைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்க்க உங்களுக்கு ஒரு நொடிதான் ஆகும். எந்தக் காது, எவ்வளவு நாளாக, கேட்கிறதா கேட்கவில்லையா என்று கேட்க இன்னும் கொஞ்ச நேரம். அதைக்கூடச் செய்யாமல் மோர் கொடுக்கிறவர் நர்ஸ் இல்லை, மோர்க்காரி.

மற்ற இருவரையும் வெளியே அனுப்பினேன். தலையை அசைக்காமல் படுக்கவைத்து, சுற்றல் அடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அடங்கியதும் அவரே தன் இடது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு பேசினார். வலது பக்கம் பஞ்சடைத்த மாதிரி இருக்கிறதாம். சில நாள் நன்றாகக் கேட்குமாம், சில நாள் ஒன்றுமே கேட்காதாம். இரைச்சல் ஏறினால் கொஞ்ச நேரத்தில் உலகம் சுழலுமாம். இதுவரை வீட்டில் இருக்கும்போதுதான் வந்திருக்கிறது என்றார்.

அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு நானே கூட்டிப்போனேன். உட்காதில் இருக்கும் நீரின் அழுத்தம் கூடிக் கூடி வருகிற நோய் என்றார்கள். முழுதாகக் குணமாகாது, கட்டுக்குள் வைக்கலாம். மாத்திரை தவறக் கூடாது, உப்பைக் குறைக்கவேண்டும், குடி கூடவே கூடாது. குடித்தால் உட்காதின் நீர் நிலை மாறும், ஏற்கெனவே தள்ளாடுகிற சமநிலை இன்னும் தள்ளாடும், மாத்திரையோடு சேர்ந்தால் ஆளையே சாய்த்துவிடும் என்று அந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். உயரத்தில் வேலை செய்யக் கூடாது என்றும் சொன்னார். தேசிங்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பேருந்தில் திரும்பும்போது, டோல்கேட் நெரிசலில் வண்டி நின்றுகொண்டிருந்தபோது, “கடைசியா சொன்னாங்களே, அத்த மட்டும் மறந்துடு சிஸ்டர்” என்றார்.

நான் மறக்கவில்லை. மறுநாள் மேலாளரிடம் போய்ச் சொன்னேன். தரையில் ஒரு வேலை கொடுங்கள் என்று கேட்டேன்.

“எங்கம்மா காலி இருக்கு?” என்றார் அவர். “அவன் சொல்றானா முடியலன்னு? அவன் எழுதிக் கொடுக்கட்டும், நாளைக்கே செட்டில் பண்ணி அனுப்பிடறேன்.”

சங்கச் செயலாளரிடம் போனேன். அவர் இன்னும் தெளிவாகச் சொன்னார். “குடிச்சான்னு வந்தா நான் காப்பாத்துவேன் சிஸ்டர். சீக்குன்னு வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. நீ பேஜாரு பண்ணாத.”

எப்படி இருக்கிறது பாருங்கள். நோயாளியைக் காப்பாற்ற வழியில்லை, குடிகாரரைக் காப்பாற்ற வழியிருக்கிறது. தொழிற்சாலை நடத்துகிறவரும் தொழிலாளர் சங்கம் நடத்துகிறவரும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை.

அதற்குப் பின் நடந்ததுதான் மோசம். ஊரெல்லாம் குடிகாரர் என்று பேர் வாங்கியாயிற்று. தேசிங்கு மெய்யாகவே குடிக்கத் தொடங்கினார். முன்பெல்லாம் விசேஷத்துக்குக் குடிக்கிறவர். இப்போது வேலை முடிந்து தினமும் கடைக்குப் போனார். முதல் கிளாஸ் உள்ளே போனால் காதில் ஊதுகிற சங்கு கொஞ்சம் தூரமாகப் போகிறது என்று நம்பினார். நண்பர்களும் அதையே சொன்னார்கள். மறுநாள் காலை சங்கு இரண்டு மடங்காகத் திரும்பி வந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கூடவே உப்புப் போட்ட சுண்டல், ஊறுகாய், வறுத்த நெத்திலி. குடியும் உப்புமாகச் சேர்ந்து அந்தக் காதைத் தின்றன.

அவர் மனைவி மல்லிகா ஒரு நாள் சாப்பாடு கொண்டுவந்தபோது வாசலில் பிடித்துக்கொண்டேன். தூக்கைத் திறந்து காட்டச் சொன்னேன். கருவாட்டுக் குழம்பு.

“உப்பைக் குறைன்னு சொன்னேனா இல்லையா?” என்று கத்தினேன்.

“நெட்டுக்குப்பத்துல உப்பு இல்லாம இன்னா சிஸ்டர் துன்றது? மண்ணையா?” என்றார் மல்லிகா. அவரும் குரலைத் தணிக்கவில்லை. “அவுங்க அண்ணனுங்க வூட்டாண்ட வந்து சிரிக்கிறானுங்க. அலையில ஆடாத தலை இரும்புல ஆடுதான்னு. குடிக்காதன்னு நான் சொன்னா, குடிக்கலன்னா வேலை பூடும்டின்றாரு. இந்த மாதிரி ஒரு நாயம் எங்கயாச்சும் கேட்டுகீறியா நீ?”

நான் கேட்டதில்லை. தூக்கை மூடிக் கொடுத்தேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பட்டறையில் அன்று உலை எரியாது. தொழிலாளர்கள் மனைவி பிள்ளைகளைக் கூட்டிவருவார்கள். புது லேடில் ஒன்றைக் கழுவி, சந்தனம் பூசி, வாய் நிறையப் பொரியும் கடலையும் கொட்டி, மாலை போட்ட கிரேன் அதைத் தூக்கிக்கொண்டு பட்டறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகும். அங்கே இறக்கி எல்லோருக்கும் பங்கிடுவார்கள். பிள்ளைகள் அதன் கீழேயே கூச்சலிட்டுக்கொண்டு ஓடும். லேடில் கிளம்புவதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு: ஒரு மூடி சாராயத்தைக் கிரேன் தூணில் ஊற்றுவார்கள், ஒரு கிளாஸை ஓட்டுபவருக்குக் கொடுப்பார்கள். மேலாளர் அந்த நேரம் பார்த்து அறைக்குள் போய்விடுவார்.

அன்று காலை தேசிங்கு மாத்திரை போட்டிருந்தார். அது எனக்குத் தெரியும், என் கையால்தான் கொடுத்தேன். ஏணியடியில் நடந்ததை ஓடிப்போய்த் தடுக்க முடியாத தூரத்தில் இருந்தேன், கூட்டம் வேறு. தேசிங்கு வேண்டாமென்று கையை ஆட்டுவது தெரிந்தது. பாபு அவர் தோளில் கை போட்டார். பாபு சொன்னதைப் பக்கத்தில் நின்றவர்கள் பிறகு என்னிடம் சொன்னார்கள்.

“சாமி காரியம்டா. ஒரு கிளாஸ்ல இன்னா ஆயிடப் போவுது? வாங்குடா, கலீஜு பண்ணாத.”

ஒன்று குடித்தார். சுற்றியிருந்தவர்கள் கை தட்ட, இன்னொன்றும் குடித்தார். ஏறினார்.

லேடில் பாதி தூரம் வந்தபோது நின்றது. சாதாரணமாக நிற்கவில்லை, வெட்டி நின்றது. நின்ற வேகத்தில் முன்னும் பின்னும் ஊசலாடி, ஒரு பக்கம் சாய்ந்து, பொரியைக் கொட்டியது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மழை மழை என்று கத்திக்கொண்டு, பல டன் எடையுள்ள அந்த இரும்பு வாளியின் நேர் கீழே குந்திப் பொறுக்கத் தொடங்கின. பெரியவர்களும் சிரித்தார்கள். “மாமு மட்டை” என்று ஒருவன் கூவினான். ஒரு பையன் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தான். கூண்டில் தேசிங்கின் தலை தெரியவில்லை.

முதலில் பிள்ளைகளை. அதைத்தான் செய்தேன். கையில் அகப்பட்டதைப் பிடித்து இழுத்தேன், தாய்மார்களின் பெயரைச் சொல்லி அலறினேன். சிரிப்பு அப்போதுதான் நின்றது. அந்த இடம் காலியானதும் எலக்ட்ரீஷியனிடம் கிரேன் மெயினை அணைக்கச் சொன்னேன். அறையிலிருந்து வெளியே வந்த மேலாளர் என்னைத் தாண்டிக் கத்தினார்: “யோவ், இறங்கு கீழே! இப்பவே இறங்கு!”

சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் ஏணிக்கு ஓடினார்கள், அவரை இழுத்து இறக்க.

“யாரும் தொடக் கூடாது” என்றேன். “இப்ப இறங்கினா விழுவாரு. மேலேயே இருக்கட்டும்.”

“போதை தெளியிற வரைக்கும் குந்தவெச்சு வேடிக்கை பாக்கறதா?” என்றார் மேலாளர்.

“ஆமா சார். அதுவரைக்கும்தான்.”

நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது இது ஒன்று. சுற்றலில் இருப்பவரை உயரத்திலிருந்து அவசரப்பட்டு இறக்காதீர்கள். அவருக்கு ஏணி எங்கே, சுவர் எங்கே, தன் கால் எங்கே என்று தெரியாது. மேலே தரை இருக்கிறது, படுக்க இடம் இருக்கிறது, விழாமல் இருக்கிறார். கீழே நிற்பவர்களின் அவமானத்துக்காக அவரை ஏணியில் இறக்காதீர்கள்.

நானே ஏறினேன். ஐம்பதைத் தாண்டிய முழங்கால்கள் எனக்கு. கீழே யாரோ விசிலடித்தார்கள். கூண்டுக்குள் தேசிங்கு வாந்திக்கு நடுவில் சுருண்டு படுத்திருந்தார். வலது கை மட்டும் மேலே நீண்டு, அவசரமாக நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. உலகம் தலைகீழாகச் சுழன்ற நேரத்தில் அந்த மனிதர் அதைத் தேடிப்பிடித்து அழுத்தியிருக்கிறார். கீழே விசிலடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் தலையை என் மடியில் அசையாமல் பிடித்துக்கொண்டேன். ஒரே புள்ளியைப் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் கழித்து அவர் கண் ஆடுவது நின்றது. இடது காதில் குனிந்து, “பசங்க யாருக்கும் ஒண்ணுமில்ல” என்றேன்.

அழுதார். பிறகு என் புடவைத் தலைப்பைப் பிடித்தார்.

“சிஸ்டர், குட்ச்சான்னு எழுதிடு. மெய்யாலுமே குட்ச்சிகீறேன். இப்ப பொய் கூட இல்ல. காதுன்னு மட்டும் எழுதிடாத. ரெண்டு பொண்ணு கீது எனக்கு.”

“நாளைக்கு இந்த வாளியில பொரி இருக்காது தேசிங்கு.”

“தெரியும்.”

“தெரிஞ்சா எப்படி ஏறுவ?”

“ஏறலன்னா இன்னா பண்ணுவேன்?”

அவர் நிதானமானதும் கயிறு கட்டி, எனக்குப் பின்னால் ஒவ்வொரு படியாக இறங்க வைத்தேன். கீழே வந்து உள்ளதை உள்ளபடி எழுதினேன்: நாட்பட்ட உட்காது நோய், அதன் சுற்றல், மாத்திரையோடு மது குடித்ததால் கடுமையானது, இனி உயரத்தில் வேலை செய்யக் கூடாது.

விசாரணை நடந்தது. மேலாளர், சங்கச் செயலாளர், தேசிங்கு, நான். என் அறிக்கையை மேலாளர் ஓரமாக ஒதுக்கினார். நோய் என்றால் அவர் வாழ்க்கைக்கு ஒரு ஏற்பாடு கேட்டு நாளை யாராவது வழக்குப் போடலாம். குடி என்றால் எந்தத் தொந்தரவும் இல்லை. செயலாளருக்கும் குடிதான் வசதி. தேசிங்கிடம் கேட்டார்கள். வலது பக்கம் உட்கார்ந்திருந்த மேலாளரின் கேள்வி அவருக்குக் கேட்கவேயில்லை. “இன்னா சார்?” என்றார். மறுபடி கேட்டார்கள். “இன்னா சார்?” கேள்வி காதில் விழாத ஒருவரிடம், உனக்குக் காதில் கோளாறு இல்லையே என்று இரண்டு படித்த மனிதர்கள் உட்கார்ந்து கத்தினார்கள். அவர் எதைக் கேட்கிறார்கள் என்று ஊகித்துச் சொன்னார்: “குட்ச்சேன் சார்.”

மூன்று நாள் சஸ்பெண்ட். செல்போனில் எடுத்த படம் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றியது. அதற்குள் யாரோ பாட்டும் சேர்த்துவிட்டார்கள்.

நான்காம் நாள் காலை உலையில் இரும்பு தயாராக இருந்தது. இரவுக் கிரேன்காரர் வேலை முடிந்து கொருக்குப்பேட்டையிலுள்ள தன் வீட்டுக்குப் போய்விட்டார். தேசிங்கு கையுறை மாட்டிக்கொண்டு ஏணிக்கு வந்தார். நான் ஏணியடியில் நின்றிருந்தேன்.

“வழி வுடு சிஸ்டர்.”

“மாட்டேன்.”

“சொல்லிகினே கீறேன். வழி வுடு.”

மேலாளர் வந்தார். உங்கள் இடம் இது இல்லை, முதலுதவி அறைக்குப் போங்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. கிரேனை நிறுத்தும் அதிகாரம் எனக்கு இல்லை. ஒரு நர்ஸுக்கு எழுத மட்டும்தான் அதிகாரம், எழுதியாயிற்று, ஓரமாக வைத்தாயிற்று.

நகர்ந்து நின்றேன். தேசிங்கு ஏறத் தொடங்கினார். நான் லேடில் பிடிப்பவர்கள் பக்கம் திரும்பினேன். ஐந்து பேர். அவர் காலரில் சென்ட் தடவியவர்கள், அவருக்காகச் சாட்சி சொன்னவர்கள், கிளாஸ் நீட்டியவர்கள்.

“அவர் ஏறட்டும்” என்றேன். “அவர் குடிகாரர்தான்னு எல்லாரும் சொல்லிட்டீங்க. காதுல ஒண்ணுமில்ல. சரி. இப்ப இரும்பு வரும். கீழ யார் யார் நிக்கிறீங்க?”

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“என்னா பாபு? உன் தோஸ்துதான மேல போறாரு. வா, வந்து உன் இடத்துல நில்லு.”

பாபு என்னை முறைத்தார். பிறகு மேலே பார்த்தார். லேடில்காரர்கள் நிற்பதற்கென்று தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். பாபு கோட்டுக்கு உள்ளேதான் இருந்தார். ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி. கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டார். மற்ற நால்வரும் அவரைத் தொடர்ந்தார்கள்.

ஏணியின் நடுவில் தேசிங்கு நின்றுவிட்டார்.

“டேய் பாபு. நீயுமாடா?”

“மாமு...” என்றார் பாபு. “எனக்கும் புள்ளைங்க கீதுடா.”

தேசிங்கு மேலே கூண்டைப் பார்த்தார், கீழே காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். இறங்கினார். கடைசிப் படியில் கால் தடுமாறியது. பாபு கை நீட்டினார், அவர் அதைத் தட்டிவிட்டார்.

உருகிய இரும்பு யாருக்காகவும் காத்திருக்காது. உலையிலேயே வைத்திருந்தால் மின்சாரச் செலவு ஏறும், தரம் கெடும். மேலாளர் செல்போனும் கையுமாக அங்குமிங்கும் நடந்தார். சங்கச் செயலாளர் வந்து சொல்லியும் லேடில்காரர்கள் கோட்டுக்குள் வர மறுத்தார்கள். இரவுக் கிரேன்காரரை வரவழைக்க ஆள் போனது. அவர் வந்தார், ஆனால் தேசிங்குக்கு ஒரு வழி சொல்லாமல் கூண்டில் ஏற மாட்டேன் என்று அவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாளைக்குத் தனக்கும் ஏதாவது வரலாம் என்று அவருக்கு அந்த நிமிடம்தான் உறைத்திருக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் மேலாளர் தொண்டையைச் செருமினார். “மண் பரிசோதனை ரூம்ல ஒரு ஆள் வேணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டே இருக்கோம். தேசிங்கு அங்க இருக்கட்டும். சம்பளம் அதேதான்.”

“ரொம்ப நாளான்னா எவ்வளவு நாளா சார்?” என்று கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

தரையில் காலியே இல்லாதிருந்த வேலை, நோயாளி கெஞ்சியபோது இல்லாத வேலை, இரும்பு கெட்டுவிடும் என்றதும் கிடைத்துவிட்டது. அச்சு செய்கிற மண்ணைச் சோதிக்கும் அந்த அறை எப்போதும் அங்கேதான் இருந்தது. அதன் நாற்காலியும் எப்போதும் காலியாகத்தான் இருந்தது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் கேன்டீனுக்குப் போவேன்.

தேசிங்கு கையுறைகளைக் கழற்றி ஏணியின் கீழ்ப் படியில் போட்டார். தலையைக் கொஞ்சம் சாய்த்து, நல்ல காதை எங்கள் பக்கம் வைத்துக்கொண்டு, எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். மேலாளரை, செயலாளரை, பாபுவை, என்னை. ஒரு காது கேளாதவருக்குத் தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று தெரியாது. உலை இரைச்சலையும் மீறி அது பட்டறை முழுக்கக் கேட்டது.

“இத்த முன்னாடியே குட்த்திருந்தா நான் எதுக்குடா குடிக்கப் போறேன்?”